முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள்: பழைய சீன நீலவெண் பீங்கான் சேகரிக்க ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒருவர், பழைய சாமான்களை வீட்டு வாசலில் பரப்பி விற்ற இடத்தில் 35 டாலருக்கு ஒரு சின்னக் கிண்ணம் வாங்கினார். அது 15-ஆம் நூற்றாண்டு மிங் காலத்துக் கிண்ணம் என்று தெரியவந்து, 2021 மார்ச்சில் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் 7,21,800 டாலருக்குப் போனது. அதற்கு முன்பு 2014-இல், ஹாங்காங்கில் கோழிப் படம் போட்ட ஒரு கைப்பிடி அளவுக் கிண்ணம் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோனது. வாங்கிய கோடீஸ்வரர் அதில் தேநீர் ஊற்றிக் குடித்து, அதுவும் செய்தியானது.

புதிதாகப் பீங்கான் சேகரிக்க வருபவர்களை இந்த இரண்டு செய்திகளும் கெடுத்த அளவுக்குப் போலிச் சரக்குகூடக் கெடுத்ததில்லை என்பேன். அடியில் நாலு சீன எழுத்து இருந்தாலே இது புதையல் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அந்த எழுத்துதான் ஒரு பொருளில் மிக எளிதாகப் பொய் சொல்லக்கூடிய இடம். களிமண், மெருகு, அடி வளையம், தூரிகையின் ஓட்டம் எல்லாவற்றையும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த பிறகு, கடைசியாகப் படிக்க வேண்டியது முத்திரை. இந்த வழிகாட்டி போகும் வரிசையும் அதுதான்.

முதலில் எல்லையைச் சுருக்குங்கள்

"கிழக்காசியக் கலைப்பொருள்" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர முடியாது. அரக்குப் பெட்டி, பச்சைக்கல், மூக்குப்பொடிக் குப்பி, ஜப்பானிய சட்சுமா, இமாரிப் பாத்திரங்கள் என்று ஒவ்வொன்றும் தனிப் படிப்பு. தந்தமும் ஆமை ஓடும் சேர்ந்த பொருள்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும்.

என் சிபாரிசு நீலவெண் பீங்கான். வெள்ளை உடம்பில் கோபால்ட் நீலத்தால் வரைந்து, மேலே கண்ணாடி போன்ற மெருகு பூசி, 1,300 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரே முறையாகச் சுட்டது. இது உலகம் முழுக்கப் போன சரக்கு. அதனால் நிறைய மிஞ்சியிருக்கிறது. சில ஆயிரம் ரூபாயிலிருந்து சில கோடி வரை எல்லா விலையிலும் கிடைக்கிறது. நிறம் மெருகுக்கு அடியில் இருப்பதால் உரசித் தேயாது, இருநூறு வருடம் கழித்தும் வரைந்தவரின் கையை அப்படியே பார்க்கலாம்.

இதற்குள்ளும் ஒரு கிளையைப் பிடியுங்கள். ஆரம்பத்துக்கு ஏற்றவை மூன்று.

ஒன்று, கப்பல் மூழ்கிக் கடலடியிலிருந்து எடுத்த சரக்கு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்டர்மால்சன் 1752-இல் மூழ்கியது. அதன் சரக்கு 1986-இல் ஆம்ஸ்டர்டாம் கிறிஸ்டிஸ் ஏலத்தில் "நான்கிங் கார்கோ" என்ற பெயரில் விற்றது. 1822-இல் மூழ்கிய டெக் சிங் என்ற சீனக் கப்பலில் இருந்து மூன்றரை லட்சம் உருப்படிகள் எடுத்து, 2000-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஏலம் விட்டார்கள். நமக்கு நெருக்கமானது டயானா. கான்டனில் சரக்கேற்றி மதராசுக்கு வந்துகொண்டிருந்த கப்பல் அது. 1817-இல் மலாக்கா நீரிணையில் மூழ்கியது. அதில் இருந்த தட்டுகளும் கிண்ணங்களும் மதராஸ் வந்து சேராமல், 1995-இல் ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்குப் போயின. இந்தப் பிரிவின் பெரிய லாபம், பொருளின் வயதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. கப்பல் மூழ்கிய ஆண்டே சாட்சி. கடலடிச் சரக்கை விற்கலாமா என்பதில் நியாயமான எதிர்ப்பு உண்டு, 2001 யுனெஸ்கோ ஒப்பந்தம் அந்த வியாபாரத்துக்கு எதிரானது. ஏற்கெனவே ஏலத்தில் விற்று ஆவணத்தோடு சுற்றுகிற பழைய சரக்கை மட்டும் வாங்கினால் போதும்.

இரண்டு, 19-ஆம் நூற்றாண்டுக் கடைசி, 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து வீட்டுச் சாமான்கள்: இஞ்சி ஜாடி, தேநீர்ப் பாத்திரம், மூடி போட்ட கிண்ணம்.

மூன்று, சமையலறைச் சரக்கு. ஃபூஜியன் மாகாணத்து தெஹுவா முதலிய இடங்களில் ஏழை வீடுகளுக்காக வேகவேகமாக வரைந்த கிண்ணங்கள். மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியாவில் இன்றும் கிடைக்கும். அரண்மனைப் பீங்கானைவிட இதில் எனக்குப் பிரியம் அதிகம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வரைந்து பழகிய கை போட்ட கோட்டில் ஒரு அலட்சியமான அழகு இருக்கிறது, போலி செய்பவருக்கு அது வரவே வராது.

பினாங்கு, மலாக்காவில் இருப்பவர்களுக்கு நோன்யா பீங்கான் மேல் கண் போகும். இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஃபீனிக்ஸ் பறவை, பியோனிப் பூ போட்ட, பெரனாக்கன் (அங்கே வேரூன்றிய சீன வம்சாவளியினர்) வீட்டுக் கல்யாணச் சாமான்கள். அழகுதான். ஆனால் விலை அதிகம், போலி அதைவிட அதிகம். இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

கையால் படியுங்கள்

வாங்குவதற்கு முன்பு நிறையப் பார்க்க வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95-ஆம் அறையில் பெர்சிவல் டேவிட் சேகரிப்பு இருக்கிறது. 1351 என்று ஆண்டு எழுதிய டேவிட் ஜாடிகள் இரண்டும் அங்கேதான். யுவான் காலத்து நீலவெண்மைக்கு அளவுகோலே அவைதான். சிங்கப்பூரில் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம், பெரனாக்கன் அருங்காட்சியகம் இரண்டும் அவசியம். இந்தியாவில் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் சீன, ஜப்பானியக் கூடங்களுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாம். டெல்லியில் ஃபிரோஸ் ஷா கோட்லாவில் துக்ளக் அரண்மனைச் சிதைவுகளில் யுவான் காலத்து நீலவெண் தட்டுகள் உடைந்த நிலையில் கிடைத்திருக்கின்றன. இராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினம் அகழாய்விலும் சீனப் பீங்கான் ஓடுகள் வந்தன. நம் கரைக்கு இந்தச் சரக்கு ஏழெட்டு நூற்றாண்டாகப் பழக்கம்.

அருங்காட்சியகத்தில் ஒரு குறை. கண்ணாடிக்குள் இருப்பதைக் கவிழ்த்துப் பார்க்க முடியாது. அதற்கு வழி இரண்டு. ஏலக் கூடங்களின் முன்பார்வை நாள்களில் கேட்டால் கையில் எடுத்துத் தருவார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னொன்று, உடைந்த ஓடு. நம்பகமான பழைய சேகரிப்பிலிருந்து வந்த நாலைந்து ஓடுகள் கையில் இருந்தால், உடைந்த விளிம்பில் களிமண்ணின் நிறம், மெருகின் கனம், நீலம் எந்த ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது எல்லாம் தெரியும். முழு ஜாடியில் எந்தக் காலத்திலும் அதைப் பார்க்க முடியாது. முதல் பணத்தை உடைந்த ஓடுகளில் போடுங்கள் என்பேன்.

கால வரிசை, தேவையான அளவுக்கு

ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்தெஜென் நகரம்தான் தலைநகரம். அங்கிருந்து வந்ததை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் வரிசை எளிது. யுவான் காலத்திலும் மிங் தொடக்கத்திலும் நீலத்துக்கு மேற்காசியாவிலிருந்து வந்த கோபால்ட். அதில் இரும்பு அதிகம். கோட்டின் கனமான இடங்களில் கருமையான புள்ளிகள் மெருகுக்குள் அமிழ்ந்து, விரல் வைத்தால் லேசான பள்ளமாகத் தட்டுப்படும். 18-ஆம் நூற்றாண்டில் இதை நகலெடுத்தவர்கள் தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக வைத்தார்கள். அது ஒழுங்காக இருக்கும், ஒழுங்காக இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும்.

வான்லி பேரரசர் காலத்தில், அதாவது 1573 முதல் 1620 வரை, ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது க்ராக் பீங்கான். மெல்லிய தட்டு, விளிம்பைச் சுற்றிக் கட்டம் கட்டமாகப் பூவும் சின்னங்களும், நடுவில் மானோ பறவையோ. 1603-இல் டச்சுக்காரர்கள் சாந்தா கத்தரினா என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்து, அதன் சரக்கை ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டபோதுதான் ஐரோப்பாவுக்கு இந்தப் பைத்தியம் முற்றியது. அது முற்றிப் போனதற்கு ஒரு உதாரணம்: சாக்சனி ஆட்சியாளர் அகஸ்டஸ் 1717-இல் தன் படைவீரர்கள் 600 பேரைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்து 151 பீங்கான்களை வாங்கிக்கொண்டார்.

மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சத்தில் காங்ஷி காலம் 1662 முதல் 1722 வரை. நீலவெண்மையின் உச்சம் என்று பலரும் சொல்வது இதைத்தான். ஒரே நீலத்தை நீர் கலந்து நாலைந்து அடர்த்தியில் தீட்டி, மலைக்கும் மேகத்துக்கும் தூரம் காட்டியிருப்பார்கள். பிறகு யோங்ஜெங் 1735 வரை, சியான்லுங் 1795 வரை. அதன்பின் ஜியாசிங், டாவ்குவாங். 1850-களில் தைப்பிங் கலகத்தில் ஜிங்தெஜென் நாசமானது. சூளைகள் மீண்டும் எழுந்த பிறகு, 1875 முதல் 1908 வரையிலான குவாங்ஷு காலத்தில் பழைய பாணிகளை மறுபடி எடுத்துச் செய்தார்கள். சந்தையில் உங்கள் கையில் படும் அசல் பழசில் பெரும்பங்கு இந்தக் காலத்தது.

கவிழ்த்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், சின்ன டார்ச், கொஞ்சம் பஞ்சு போதும். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, மேசையில் துண்டு விரித்து அதன் மேல் வைத்துப் பாருங்கள். விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. பழைய ஒட்டு அங்கேதான் இருக்கும், கையோடு வந்துவிடும்.

முதலில் அடி வளையம். சூளையில் ஒட்டாமல் இருக்க அந்த வளையத்தில் மெருகைத் துடைத்திருப்பார்கள். அதனால் பொருளின் அசல் களிமண்ணை நேரில் காட்டும் ஒரே இடம் அது. காங்ஷி காலத்துப் பொருளில் வளையம் வழுவழுப்பாக, உருண்டையாக வழித்து, விரல் ஓட்டினால் மாவு அரைத்ததுபோல மென்மையாக இருக்கும். மிங் கடைசிச் சரக்கில் வளையத்தில் சூளை மணல் ஒட்டியிருக்கும். அடிப்பரப்பில் நடுவிலிருந்து ஆரம் ஆரமாகக் கத்தி அதிர்ந்த தடங்கள் தெரியும். மெருகு முடிந்து களிமண் தொடங்கும் எல்லையில் மெல்லிய ஆரஞ்சு நிறக் கோடு ஓடலாம். களிமண்ணில் உள்ள இரும்பு சூட்டில் சிவந்தது அது. உள்ளிருந்து வந்த நிறம் என்பதால் படிப்படியாக மங்கும், துடைத்தால் போகாது. போலிக்காரர்கள் இதற்காகப் பழுப்புக் கரைசலைப் பூசுவார்கள். வளையம் முழுக்க ஒரே நிறமாக, பள்ளங்களில் தேங்கிக் கருத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஈரப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள், கடைக்காரர் அனுமதித்தால் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டும் பாருங்கள். பஞ்சு பழுப்பானால் ஜாடியைத் திரும்ப வைத்துவிடலாம்.

வளையம் இன்னும் சில ஊர்களையும் சொல்லும். அடிப்பரப்பில் மூன்றிலிருந்து ஐந்து சின்னப் புள்ளித் தழும்புகள் இருந்தால், சூளையில் முட்டுக் கொடுத்துச் சுட்டது, ஜப்பானின் அரிட்டா சரக்காக இருக்கலாம். அடி முழுக்கச் சாக்லேட் நிறத்தில் பூசியிருந்தால் வியட்நாம். வளையத்தில் கரடுமுரடாக மணல் அப்பியிருந்தால், தென்சீனக் கரையில் செய்த, சுவாதோ என்று சொல்கிற சரக்கு.

அப்புறம் உடம்பு. சக்கரத்தில் வனைந்த ஜாடிக்குள் விரல் விட்டால் சுழல் மேடுகள் தட்டுப்படும். பெரிய ஜாடிகளை இரண்டு மூன்று பாகமாக வனைந்து களிமண் குழம்பால் இணைத்திருப்பார்கள். அந்தப் பொருத்து உள்ளே மேடாகவும், வெளியே பக்கவாட்டு வெளிச்சத்தில் மெல்லிய நெளிவாகவும் தெரியும். அச்சில் ஊற்றி எடுத்த புதுச் சரக்கில் உள்ளும் புறமும் ஒரே சீராக இருக்கும், கனமும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

மூன்றாவது மெருகு. லென்ஸில் காற்றுக் குமிழ்கள் தெரியும். விறகுச் சூளையில் வெந்தவற்றில் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும், எரிவாயு உலையில் வெந்தவற்றில் பெரும்பாலும் ஒரே அளவு. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது, மற்றவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பளபளப்பைக் குறைத்துப் பழசாக்க அமிலத்தில் தோய்ப்பதும் உண்டு. அப்படிச் செய்ததில் மேற்பரப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மந்தமாக, லென்ஸில் அம்மைத் தழும்புபோல இருக்கும். உண்மையில் உபயோகித்த தட்டில், உணவு பட்ட நடுப்பகுதியும் அடுக்கும்போது உரசிய இடமும்தான் தேய்ந்திருக்கும். கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். உப்புத்தாள் போட்டவன் கை ஒரே பக்கமாகத்தான் போயிருக்கும்.

கடைசியாகப் படம். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடருங்கள். பழகிய கை கோட்டை ஒரே மூச்சில் இழுக்கும், முடிவில் மெலியும். நகலெடுக்கும் கை தயங்கும், நடுவில் நீலம் திட்டாகத் தேங்கும். லென்ஸில் ஒழுங்கான சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சுத்தாள் ஒட்டியது.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். உங்களிடம் அதிகம் விற்க வருவது பிளம் பூ இஞ்சி ஜாடி. உடைந்த பனிக்கட்டிபோல விரிசல் கோடு போட்ட நீலப் பின்னணியில் வெள்ளைப் பூங்கிளைகள், குண்டான வயிறு, குட்டைக் கழுத்து, அடியில் இரட்டை வளையத்துக்குள் நாலெழுத்தில் "காங்ஷி". காங்ஷி காலத்து ஜாடியில் பின்னணி நீலம் ஆழமாக, அடுக்கடுக்காகத் தீட்டப்பட்டு, பனி விரிசல் கோடுகள் நுணுக்கமாக இருக்கும். அடியில் பெரும்பாலும் வெறும் இரட்டை வளையம், எழுத்தே இருக்காது. நாலெழுத்து முத்திரை போட்டது 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஏற்றுமதிக்காகக் குவியல் குவியலாகச் செய்தது. கோடுகள் தடித்து, பூக்கள் கிளையில் ஒட்டாமல் மிதக்கும். இதுவும் நூற்றுச் சொச்சம் வருடத்துப் பழசுதான், வாங்கலாம். காங்ஷி விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். புதுப் போலியில் வாய் விளிம்பைப் பாருங்கள். மூடி மேலே கவிழ்வதால் பழைய ஜாடியின் கழுத்தில் மெருகு இருக்காது, அந்த இடம் கை பட்டு அழுக்கேறி மங்கியிருக்கும். புதியதில் சுண்ணாம்பு வெள்ளையாகக் கண்ணில் அடிக்கும். மூடி அசல்தானா என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் இராது.

இப்போது முத்திரை

வழக்கமான ஆறெழுத்து முத்திரையை வலப்பக்க வரிசையில் மேலிருந்து கீழாகத் தொடங்கிப் படிக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து வம்சம், அடுத்த இரண்டு பேரரசரின் ஆட்சிப் பெயர், கடைசி இரண்டு "ஆண்டில் செய்தது". நாலெழுத்து முத்திரையில் வம்சம் இருக்காது. யோங்ஜெங், சியான்லுங் காலத்திலிருந்து கட்டம் கட்டமான "முத்திரை எழுத்து" என்ற எழுத்து வகையும் பரவலானது. இதைப் படிக்கச் சீனம் தெரிய வேண்டியதில்லை. பதினைந்து இருபது ஆட்சிப் பெயர்களின் வடிவத்தை மனதில் பதித்துக்கொண்டால் போதும்.

ஆனால் எழுத்து சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1677-இல் ஜிங்தெஜென் அதிகாரி ஒருவர், பீங்கானில் பேரரசர் பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். உடைந்து குப்பைக்குப் போகும் பொருளில் பேரரசர் பெயர் இருப்பது அவமரியாதை என்பது காரணம். அதனால் அந்தக் காலத்துப் பொருள்களில் வெறும் இரட்டை வளையம், இலைச் சின்னம், தாமரை, முயல் எல்லாம் வரும். இல்லையென்றால் இருநூறு வருடத்துக்கு முந்தைய மிங் பேரரசர் செங்குவாவின் பெயரை எழுதுவார்கள். ஏமாற்றும் நோக்கம் என்று சொல்ல முடியாது, முன்னோருக்குச் செய்த மரியாதையும் அதில் உண்டு. ஆக, காங்ஷி காலத்தில் செங்குவா முத்திரை, குவாங்ஷு காலத்தில் காங்ஷி முத்திரை, நேற்றுச் செய்ததில் எல்லா முத்திரையும்.

உண்மையில் உதவுகிற முத்திரை ஆங்கிலத்தில் இருக்கும். அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த சுங்கச் சட்டத்தால், 1891-இலிருந்து இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் போட வேண்டியிருந்தது. "சைனா" என்று மட்டும் இருந்தால் அநேகமாக அதற்குப் பிறகு. "மேட் இன் சைனா" என்றால் இன்னும் பிந்தியது, 1920-ஐ ஒட்டியோ அதற்கும் பின்போ. அடியில் சிவப்பு அரக்கு முத்திரை ஒட்டியிருந்தால், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீன அரசு ஏற்றுமதிக்கு அனுமதித்தது என்று பொருள். பொருளின் வயதுக்கு அது அத்தாட்சி இல்லை. அந்த அரக்கையும் போலியாக ஒட்டுகிறார்கள்.

நம் ஊரில் அதிகம் ஏமாற வைப்பது வில்லோ தட்டு. தொங்கும் மரம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள். சீனப் படம், சீனத் தட்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இங்கிலாந்துக்காரர்கள் கற்பனையாக உருவாக்கி அச்சடித்த படம் அது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் நீலத் தட்டுகளிலும் ஐரோப்பிய, ஜப்பானியச் சரக்கு கலந்திருக்கும். அவற்றுக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு, ஆனால் அது வேறு கதை.

அடிபட்டதா, ஒட்டியதா

தட்டை உள்ளங்கை மேல் சமமாக வைத்து, விரல் நகத்தால் விளிம்பில் சுண்டுங்கள். நல்ல பீங்கான் மணிபோல ஒலித்து நீளும். விரிசல் இருந்தால் சத்தம் மொட்டையாக அறுந்துவிடும். டார்ச்சைப் பின்னால் பிடித்தால் மயிரிழை விரிசல் கருங்கோடாகத் தெரியும். புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால், பின்னால் பூசிய சாயமும் பசையும் பீங்கானிலிருந்து வேறு நிறமாக ஒளிரும். கழுத்து, மூக்கு, கைப்பிடி, மூடியின் குமிழ் இவற்றை முதலில் பாருங்கள்.

விரிசல், சில்லு, ஒட்டு இருப்பதாலேயே ஒதுக்கிவிடாதீர்கள். விலை பாதிக்கு மேல் இறங்கும். மிங் கடைசிக் காலத்துத் தட்டு ஒன்றை நடுத்தர வருமானக்காரர் சொந்தமாக வைத்துக்கொள்ள அதுதான் வழி. க்ராக் தட்டுகளின் விளிம்பில் மெருகு பூச்சியரித்ததுபோல உதிர்ந்திருப்பது சூளையிலேயே வந்த குறை, அதைப் பழுது என்று கணக்கில் எடுப்பதில்லை. கம்பித் தையல் போட்ட பழைய தட்டு என்றால் எனக்குத் தனி ஆசை. பசை நம்பகமாக இல்லாத காலத்தில் துளையிட்டு உலோகக் கம்பியால் தைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டு யாருக்கோ அவ்வளவு வேண்டியதாக இருந்திருக்கிறது. மறைத்துப் பூசிய ஒட்டுதான் ஆபத்து, தெரிகிற ஒட்டு இல்லை.

சுட்ட பொருளின் வயதைக் கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனை பற்றிக் கேட்பீர்கள். பீங்கானுக்கு அடியில் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும், செலவும் ஆகும். பழைய அடியோடு புது உடம்பைப் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் விலை போகும்போது யோசிக்கலாம், ஆரம்பத்தில் வேண்டாம்.

எங்கே வாங்குவது, சட்டம் என்ன சொல்கிறது

ஒரு வடிகட்டி போட்டாலே பாதிப் போலி கழன்றுவிடும். சீனாவின் 2007-ஆம் ஆண்டு விதிப்படி 1911-க்கு முந்தைய பழம்பொருளை அங்கிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆகவே சீனாவிலிருந்து நேராகத் தபாலில் வரும் "சிங் காலத்து ஜாடி" ஒன்று போலி, இல்லாவிட்டால் கடத்தல். இரண்டும் நமக்கு வேண்டாம். வாங்க வேண்டியது, பல காலமாகச் சீனாவுக்கு வெளியே இருந்த சரக்கு. ஐரோப்பாவின் சின்ன ஊர் ஏலங்கள், தென்கிழக்காசியாவின் பழைய குடும்பங்கள், அவர்களிடம் வாங்கிய கடைகள்.

ஹாங்காங்கின் ஹாலிவுட் ரோடு, மலாக்காவின் ஜோங்கர் ஸ்ட்ரீட், மும்பை சோர் பஜார், காரைக்குடியின் பழைய சாமான் கடைகள் எல்லாம் நல்ல சுற்றுலா. வாங்குவதைவிடப் பழகுவதற்குப் போங்கள். கடையில் பேச்சும் தேவைதான். "அண்ணே, கவுத்துப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டதும் "தாராளமா பாருங்க தம்பி" என்பவரிடம் நின்று பேசலாம். பொருளைப் பற்றிக் கேட்டால் யாரோ ஜமீன்தார் கதை சொல்பவரிடம் கதையை மட்டும் கேட்டுக்கொண்டு வரலாம். கதைக்கு விலை கொடுக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: இது எங்கிருந்து வந்தது, சொன்ன காலம் தப்பென்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? இரண்டுக்கும் பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். "பழைய ஜாடி" என்று எழுதிய ரசீதால் ஒரு பயனும் இல்லை. "19-ஆம் நூற்றாண்டு, சீனா, கழுத்தில் ஒட்டு" என்று இருக்க வேண்டும்.

ஏலப் பட்டியலின் மொழியிலும் கவனம் தேவை. "காங்ஷி காலம்" என்பதும் "காங்ஷி முத்திரை" என்பதும் "காங்ஷி பாணி" என்பதும் மூன்று வேறு பொருள்கள். முதலாவதுதான் வயதைச் சொல்கிறது. மற்ற இரண்டும் நேற்றுச் செய்ததற்கும் பொருந்தும். கப்பல் சரக்கு என்றால் ஏல எண் ஒட்டிய சீட்டும் சான்றிதழும் கேளுங்கள். சீட்டையும் போலி செய்ய முடியும் என்பதால், கடல் உப்பில் மந்தமான மெருகு, மெருகுக்கு மேல் தீட்டிய நிறம் இருந்தால் அது கரைந்த தடம் ஆகியவை அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளியிலிருந்து கொண்டுவந்தால் இறக்குமதி ஆவணங்களைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் கேள்வி வந்தால் அதுதான் கை கொடுக்கும். சேகரிப்பது ஒன்று, தொழிலாக வாங்கி விற்பது வேறு. இரண்டாவதற்கு உரிமம் தேவை.

விலைக் கணக்கு

ஏலத்தில் சுத்தி விழுந்த விலை கடைசி விலை இல்லை. வாங்குபவர் கமிஷன் 20 முதல் 30 சதவீதம் வரை சேரும். அதன்மேல் வரி, பாக்கிங், காப்பீடு, கூரியர், சுங்கம். சின்னக் கிண்ணம் ஒன்றுக்குக் கூரியர் செலவு கிண்ணத்தின் விலையைத் தாண்டுவது சாதாரணம். கையைத் தூக்குவதற்கு முன்பே எல்லாம் சேர்த்து உச்சவரம்பை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஒத்த பொருள்கள் முன்பு எவ்வளவுக்குப் போயின என்று பழைய ஏல முடிவுகளைப் பாருங்கள். கடைகள் கேட்கிற விலை கணக்கில் வராது, விற்ற விலைதான் விலை.

ஒரு வருடப் பட்ஜெட்டில் பத்துச் சுமாரான ஜாடிகள் வாங்குவதைவிட இரண்டு நல்லவை போதும். மறுபடி விற்றுப் பணம் பார்க்கலாம் என்று இதில் இறங்காதீர்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் கமிஷனே பாதியைத் தின்றுவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். ஒட்டு உள்ளதையும், மெருகில் நுண்விரிசல் ஓடியதையும் ஊற வைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள். சுவரில் தட்டு மாட்டும் ஸ்பிரிங் கம்பி விளிம்பை இறுக்கி விரிசல் விடும், சாய்த்து வைக்கும் மரத் தாங்கி நல்லது. பெட்டியில் கட்டும்போது மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் நாலு விரல் இடம் விட்டு நிரப்புங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை போடுங்கள். முகப்பு, பக்கவாட்டு, அடி, அடி வளையத்தின் நெருக்கமான படம், அளவு, வாங்கிய இடம், தேதி, விலை, பழுதுகள், அப்போது நீங்கள் என்ன காலம் என்று நினைத்தீர்கள் என்பது. கடைசி விவரத்தைப் பென்சிலில் எழுதுங்கள், மாறும். பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய ஏலச் சீட்டு, முந்தைய உரிமையாளர் எழுதிய எண், நைந்த விலைச் சீட்டு எதையும் அழுக்கு என்று உரித்துவிடாதீர்கள்.